பட்டித் திட்டியில் யாருமில்லை

ட்ரோன் பழக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "அக்கா, இது எவ்வளவு உயரம் போகும்?" அதைப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறான், வாசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். என் வாய் கொஞ்சம் அப்படித்தான். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் தோழர்கள் எனக்குப் பயந்து வரிசையில் நிற்பார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கிளிநொச்சியில் சாமத்திய வீடுகளுக்கு, அதாவது பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டங்களுக்கு, வீடியோ எடுக்க. பெண்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் இடத்தில் ஆண் கமராக்காரர் நிற்பதை வீட்டுக்காரர் விரும்பமாட்டார்கள். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. பிறகு கலியாணம், கோயில் திருவிழா என்று விரிந்தது. ட்ரோன் வந்தபோது, இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டவர்களையே முற்றத்தில் நிறுத்தி மேலிருந்து படம் எடுத்துக் காட்டினேன். அடுத்த நாள் முதல் அவர்கள்தான் ஊர் முழுக்க விளம்பரம்.

இப்போது நான் பறக்கவிடுவதில்லை. கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு வெயிலில் திரையைப் பார்த்தால் கண்ணீர் வழிகிறது. கண்ணீரோடு ட்ரோன் ஓட்டினால் பார்க்கிறவர்கள் மணப்பெண்ணின் தாய் நான்தான் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே விட்டுவிட்டேன். பழக வருகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதோடு சரி.

காற்றின் வேகம், பற்றரியின் சூடு, அனுமதி எடுக்கிற முறை எல்லாவற்றையும் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். அவற்றை ஒழுங்காகப் படியுங்கள். நான் சொல்ல வந்தது வகுப்பில் சொல்லித்தராத விசயங்கள்.

ஒருமுறை பூநகரியில் கடற்கரையோரம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நடக்கவிட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு பருந்து ட்ரோனை நோக்கி இறங்கியது. பக்கத்தில் கூடு இருந்திருக்க வேண்டும். நான் நேரே மேலே ஏற்றி, சுற்றி எடுத்துக் கீழே கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துவிட்டேன். "அக்கா, சூரியன் இறங்கிற நேரம், இப்பதான் வடிவாயிருக்கும், இன்னொருக்கா விடுங்கோ" என்று மாப்பிள்ளை கெஞ்சினார். "தம்பி, அது பருந்தின்ர வீடு. உங்கட வளவுக்குள்ள ஒருத்தன் கேக்காமல் வந்து நிண்டால் விடுவீங்களோ?" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். நிலத்தில் நின்று எடுத்த படம் நன்றாகவே வந்தது.

இன்னொன்று. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கிற காணிக்குள் ட்ரோன் விழுந்தால், அது அங்கேயே கிடக்கட்டும். ஒரு எட்டில் எடுத்துவிடலாம் போலத்தான் தெரியும். அந்த எட்டை வைக்க வேண்டாம். மிதிவெடி அகற்றுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் உண்மையில் சொல்ல வந்தது துணுக்காய்ப் பக்கம் நடந்த ஒரு விசயம். மாரி மழை விடாமல் அடித்து, குளங்கள் எல்லாம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் என்கிற வடிகாலால் பாய்ந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு பின்னேரம் அந்தப் பகுதி விதானையார், அதாவது கிராம அலுவலர், எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவரது மகளின் கலியாண வீடியோ நான் எடுத்தது.

"அக்கா, மழை கொஞ்சம் விட்டிருக்கு. உங்கட ட்ரோனைக் கொண்டுவரேலுமோ? ஒரு அம்மா வெள்ளத்துக்குள்ள அகப்பட்டிட்டா. பொலிசுக்கும் சொல்லிப்போட்டன், நீங்கள் வாங்கோ."

ஓட்டோ பிடித்துப் போனேன். குளக்கட்டில் ஏறிப் பார்த்தால், வயல் எது, பாதை எது என்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீர். அகப்பட்டிருந்தவர் தெய்வானை. மலைநாட்டிலிருந்து அவரது தாய் தகப்பன் வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஐம்பது வயதிருக்கும், மாடு வளர்க்கிறவர். விடியவே பட்டியில் கட்டியிருந்த கன்றுகளை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பி வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. அவரது மகள் கலா குளக்கட்டில் நின்றாள். இருபத்தைந்து வயது மதிக்கலாம். அழவில்லை, தாயின் செருப்பொன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கட்டோரம் ஒதுங்கிக் கிடந்ததாம்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்த ஒரு மீன்பிடிப் படகு தயாராக நின்றது. ஓட்டி தாசன். அவர் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அக்கா, அந்தா இடக்கைப் பக்கம் பட்டித் திட்டி. வலக்கைப் பக்கம் பிள்ளையார் கோயில் மேடு. வேற உயர்ந்த இடம் இல்லை. அம்மா குடையோட கோயில் பக்கம் போனதைக் கண்டதெண்டு ஒராள் சொல்லுது. நடுவால வான் தண்ணி இழுக்கிற இழுவைக்கு, இருட்டுறதுக்கு முதல் ஒரு பக்கம்தான் போய் வரலாம். எந்தப் பக்கமெண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நான் போறன்."

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. காலைவரை அந்த இரண்டு மேடுகளும் நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. நான் ஒரு சொல் மாறிச் சொன்னால் ஒரு தாய் போய்விடுவார். கலியாண வீடியோக்காரி ஒருத்திக்கு அப்படியொரு பொறுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ட்ரோனை ஏற்றினேன். முதலில் பட்டித் திட்டி. கொப்புகளால் அடைத்த அலம்பல் வேலியின் கடப்பு வாசல் திறந்து கிடந்தது. பெரிய மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. திட்டியின் ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம், அதன் கீழ் மழைக்குப் பிடிக்கிற நீலத் தறப்பாள் ஒன்று விரித்தபடி கிடந்தது. கன்றுகள் மூன்று. ஆளில்லை. தாழ இறக்கி, மரத்தைச் சுற்றி வந்தேன். ஆளில்லை.

கோயில் மேட்டுக்குப் போனேன். அங்கேயும் ஆளைக் காணவில்லை. மண்டபத்தில் இரண்டு நாய்கள். மூலஸ்தானத்துக்குப் பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது.

"கோயில் அறைக்குள்ள இருக்கலாம்" என்றார் விதானையார். "திட்டி வெட்டவெளி. இருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. சுவருள்ள இடத்தில் ஆள் தெரியாமல் இருக்கலாம். வெட்டவெளியில் தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம். தாசன் இஞ்சினில் கைவைத்துவிட்டார். நான்தான், பற்றரி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, திட்டியை இன்னொருமுறை பார்க்கிறேன் என்றேன்.

இரண்டாவது தரம் இன்னும் தாழப் போனேன். இப்போது தறப்பாள் விரிந்து கிடக்கவில்லை. மருதமர வேர்களுக்குள்ளிருந்து அதன் ஒரு மூலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. காற்று இழுத்திருக்கலாம் என்று நினைத்தேன். கன்றுகளைப் பார்த்தேன். தலைக்கு மேலே இரைச்சலோடு ஒரு சாமான் நிற்கிறது, அவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மூன்றும் மர வேரைப் பார்த்தபடி நின்றன. ஏன் என்று யோசிப்பதற்குள் பற்றரி எச்சரிக்கை அடித்தது. திரும்பக் கொண்டுவந்து இறக்கினேன்.

இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கலாவைக் காணவில்லை. சற்றுமுன் என் தோளோடு நின்றவள், கட்டுக்குக் கீழே ஒரு வேப்பமரத்தின் அடியில், முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன் பிள்ளை அங்க போய் நிக்கிறாய்?"

அவளுக்கே விளங்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். "தெரியாது அக்கா. சத்தம் கிட்ட வரேக்க கால் தானா வந்திட்டுது."

உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம், ஆகவே சொல்கிறேன். யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலே வேவு விமானம் சுற்றும். சனம் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தது. அது இரைந்துகொண்டே வட்டமிடும், நம்மைப் பார்க்கும், பிறகு போகும். போன பிறகு என்ன வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் வண்டுச் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே, பதுங்குகுழிக்குள்ளே, எதுவுமில்லாவிட்டால் ஒரு துணிக்குக் கீழேயாவது போய்விடவேண்டும். வெட்டவெளியில் ஆள் தெரியக்கூடாது. அப்போது கலாவுக்கு எட்டு ஒன்பது வயது இருந்திருக்கும். அவளைக் கையில் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனது யார்?

நானும் அந்தச் சத்தத்துக்குக் கீழே இருந்தவள்தான். ஆனால் ரிமோட் கையில் இருக்கிறபோது சத்தம் எனக்குச் சொந்தமாகிவிடுகிறது. வெள்ளத்தில் நிற்கிறவருக்கு ட்ரோனைக் கண்டால் சந்தோசம் வரும், கையைக் காட்டுவார் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தாசன், பட்டித் திட்டிக்குப் போங்கோ" என்றேன்.

"ஆளைக் கண்டனீங்களோ அக்கா?"

"காணேல்லை."

விதானையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காணாமல் எப்பிடியக்கா சொல்லுறீங்கள்? மற்றப் பற்றரியைப் போட்டு, இன்னும் பதிச்சு, தாழ விட்டு வடிவாப் பாருங்கோவன்."

"இனி ஏத்தமாட்டன். நான் கிட்டப் போகப் போக அவா உள்ளுக்குப் போறா. ஒளிக்கிற ஆளைக் காணேலாது ஐயா."

"பிழையாப் போனால்?"

"பிழையெண்டால் என்னைச் சொல்லுங்கோ."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு நிச்சயம் எதுவும் இல்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரு தறப்பாளின் மூலையும் மூன்று கன்றுகளின் பார்வையும்தான். அப்படியான நேரத்தில் யாராவது இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று சொன்னால் நமக்கு ஆறுதலாக இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் முடிவெடுக்க வேண்டியதில்லையே. ஆனால் அன்று என் பார்வைதான் அந்த அம்மாவைத் துரத்திக்கொண்டிருந்தது.

தாசன் என்னையும் விதானையாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கலாவைப் பார்த்து, "தங்கச்சி, இதைப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ" என்று மிதவை அங்கியை நீட்டினார். "நான் கூப்பிட்டால் வரமாட்டா. உங்கட குரலுக்கு வருவா."

படகு போனது. நான் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுக் குளக்கட்டில் குந்தியிருந்தேன். ஏற்றிப் பார்த்தால் என்ன, படகு எங்கே நிற்கிறது என்றாவது தெரியுமே என்று கை அரித்தது. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். விதானையார் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். தூரத்தில் இஞ்சின் சத்தம் நின்றது. பிறகு கலாவின் குரல் தண்ணீருக்கு மேலால் மெல்லியதாக வந்தது. "அம்மா... நான் கலா... வெளியில வாங்கோ..."

நீண்ட நேரம் அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெளிச்சம் மங்குகிற நேரம் படகு மறுபடி தெரிந்தது. முதலில் மூன்று தலைகள் என்று எண்ணினேன். கிட்ட வந்த பிறகுதான் அதில் ஒன்று கன்றுக்குட்டி என்று தெரிந்தது. தாசன், கலா, கன்று. பிறகு கலாவின் மடியிலிருந்து நீலத் தறப்பாள் அசைந்தது. அதைச் சுற்றிக்கொண்டு தெய்வானை எழுந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். விதானையாரும்தான், மழைத்தூறல் என்று பிறகு சொன்னார்.

சூடாகத் தேத்தண்ணீர் குடித்த பிறகு தெய்வானை பேசினார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"நல்லா இருந்தேங்க, திட்டியில. தறப்பாள விரிச்சிக்கிட்டு, யாராச்சும் வருவாங்கன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தச் சத்தம் வந்துச்சி. புத்திக்குத் தெரியுதுங்க, சண்ட முடிஞ்சி எத்தன வருசமாச்சி. கமராவுன்னும் தெரியும், கலியாண வூட்டுல தூரத்துல நின்னு பாத்திருக்கேன். ஆனா தலைக்கு மேல வந்து நின்னுச்சின்னா ஒடம்பு புத்தி சொல்றதக் கேக்கலியே. வேருக்குள்ள போயிட்டேன். ரெண்டாந்தரம் கிட்ட வந்துச்சி, தறப்பாளையும் இழுத்துக்கிட்டு இன்னும் எறங்கிட்டேன். நெஞ்சளவு தண்ணி. காலுக்குக் கீழ மண்ணு கரையிது. இன்னொருக்கா வந்திருந்தா..."

அவர் முடிக்கவில்லை. பெட்டிக்கு மேலே நான் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், ட்ரோனை ஏற்றுவதற்கு முன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றவர உள்ள வீடுகளுக்குப் போவேன். இன்ன வீட்டில் கலியாணம், இன்ன நேரம் இது பறக்கும், இப்படிச் சத்தம் போடும், உங்கள் வளவுக்கு மேலே நிற்காது என்று சொல்வேன். கேட்டால் நிலத்தில் வைத்து ஓடவிட்டுக் காட்டுவேன். சத்தத்தை முதலில் நிலத்தில் கேட்டவர்களுக்கு வானத்தில் கேட்பது அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. "அக்கா ட்ரோனுக்கும் வீடு வீடாக் கலியாணம் சொல்லப் போறா" என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். சில வீடுகளில், அந்த நேரம் எங்கள் தகப்பனைக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போய்விடுகிறோம் என்று மெதுவாகச் சொல்லுவார்கள். அப்படியான வீடுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கலாவின் கலியாணத்துக்கும் நான்தான் வீடியோ. ட்ரோனைக் கொண்டுபோகவில்லை, ஓட்டோவில் வைத்துவிட்டு இறங்கினேன். தெய்வானை என் கையைப் பார்த்தார்.

"எங்கங்க அது?"

"இண்டைக்கு வேண்டாமம்மா."

"ஏங்க வேணாம்? எல்லார் வூட்டுக் கலியாணத்துலயும் பறக்குது. எம்மக கலியாணத்துல மட்டும் பறக்கக் கூடாதா? எடுத்தாங்க."

ஒரு கதிரையில் வைத்து ஓடவிட்டுக் காட்டினேன். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். அது ஓய்கிறவரை பிடியை விடவில்லை. பிறகு சொன்னார்: "மேல வுடுங்க. நான் மேல பாக்க மாட்டேன். ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். நீங்க பயப்படலன்னா நானும் பயப்படல."

ஏற்றினேன். உயரத்தில், பந்தலுக்குச் சற்று விலத்தி நிறுத்தினேன். திரையை விட்டுக் கண்ணை எடுத்து, அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முற்றத்தின் நடுவில், வெட்டவெளியில் நின்றார். ஒரு அடியும் அசையவில்லை.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. மணப்பெண், மாப்பிள்ளை, சொந்தக்காரர், விதானையார், தாசன் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கையசைக்கிறார்கள். தெய்வானை மட்டும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு, ரிமோட்டோடு நிற்கிற என்னைப் பார்க்கிறார். பழக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தது என்று உடனே கேட்பார்கள். ஞாபகமில்லை என்பேன். அந்த அம்மா மட்டும் ஏன் மேலே பார்க்கவில்லை என்று கேட்கிற பிள்ளையிடம் ரிமோட்டைக் கொடுப்பேன்.